வலியைச் சொல்லக் கற்றுக்கொடுத்த ரஹ்மத் டீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நன்னிலத்துக்கு அருகே எங்கள் குத்தகை வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுக்கட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கை முழுக்கச் சேறு. முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். கூத்தாநல்லூரிலிருந்து ஹாஜிரா, என்னோடு அரபி படித்தவள். "அக்கா, டீச்சர் மௌத்தாயிட்டாங்க" என்றாள். 

டீச்சர் இறந்துவிட்டார்கள் என்பது எதிர்பார்த்த செய்திதான். ஆறு நாள் முன்புதான் தஞ்சாவூர் மருத்துவமனையில் அவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருந்தும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரஹ்மத் டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு, கூத்தாநல்லூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அரபி பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். வயது முப்பத்தெட்டு. என்னைவிட ஒன்பது வயது இளையவர்கள். நான் அவர்களை டீச்சர் என்பேன், அவர்கள் என்னை அக்கா என்பார்கள்.

டிராக்டரிலிருந்து விழுந்து என் கணவருக்கு முதுகு போனது. அடுத்தடுத்து இரண்டு வருடம் சம்பா மழையில் மூழ்கியது. அப்போதுதான் எனக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை அமைந்தது. அதுவரை திருவாரூரைத் தாண்டித் தனியாகப் போகாதவள் நான். கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது.

டீச்சரின் வகுப்புக்கு முதல் நாள் புது நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். டீச்சர் நோட்டை வாங்கி மூடி வைத்தார்கள். நாலே நாலு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

"கீழ மருந்துக்கடைக்குப் போங்க அக்கா. புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வாங்க. தமிழ்ல கேட்டா தர மாட்டாரு."

கடைக்காரர் இருபது வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். என்னைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி மாடிக்கு ஓடினேன். டீச்சர் திட்டவில்லை, மறுபடி அனுப்பினார்கள். மூன்றாவது முறைதான் மாத்திரையோடு வந்தேன். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

அந்த ஊரில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள். டீச்சர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி வைத்திருந்தார்கள். தையல்காரரிடம் அரபியில் அளவு சொல்ல வேண்டும். காய்கறிக் கடையில் அழுகிய தக்காளியைத் திருப்பிக் கொடுத்து அரபியில் வாதாட வேண்டும். எழுத்துகளை அவர்கள் முதல் மாதம் கரும்பலகையில் எழுதவே இல்லை.

ஒருநாள் ஹாஜிரா கேட்டாள், "டீச்சர், நான் சின்ன வயசுலேயே குர்ஆன் ஓதி முடிச்சவ. எனக்கும் எதுக்கு இதெல்லாம்?"

டீச்சர் தன் கதையைச் சொன்னது அன்றுதான். "நானும் பத்து வயசுல ஓதி முடிச்சவதான். இருபத்திரண்டு வயசுல அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் அடிவயித்துல வலி வந்துச்சு. எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குதுன்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை தெரியல. அழுதேன். ஊரு ஞாபகம்னு நெனச்சுட்டாங்க. மூணாம் நாள் மயங்கி விழுந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி. குடல்வால் வெடிச்சிருந்துச்சு."

சொல்லும்போது அவர்கள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சியது தொலைபேசிப் பாடத்துக்கு. சுல்தான் பாய் என்று ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர், தன் வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் அலுவலர்போல் பேசுவார். நாம் பிளாக், தெரு, வீட்டு எண் சொல்ல வேண்டும். அவர் வேகமாகக் கேட்பார், சத்தம் போடுவார், பாதியில் வைத்துவிடுவார். என் முறை வந்தபோது கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். டீச்சர் வெளியே நின்றபடி சொன்னார்கள்:

"பயம் போனப்புறம் பேசலாம்னு இருந்தா, பேசவே மாட்டீங்க அக்கா. நடுங்கிட்டே பேசுங்க. அவருக்கு உங்க கை தெரியப்போறதில்ல."

பன்னிரண்டு முறை அந்தப் பாடத்தைச் செய்தேன். ஒருமுறைகூட நடுக்கம் நிற்கவில்லை.

குவைத்துக்குப் போன ஏழாவது மாதம். மதிய நேரம், வீட்டில் நானும் மூன்று வயதுக் குழந்தையும் மட்டும். காலையிலிருந்தே அவளுக்குச் சூடு இருந்தது. திடீரென்று கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது. உதடு நீலமானது. அவள் அம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. அவசர எண்ணை அழுத்தினேன்.

எதிர்முனையில் ஒரு ஆண் குரல். சுல்தான் பாயைவிட வேகம். "ஷ்வய், ஷ்வய்" என்றேன். மெதுவாக, மெதுவாக என்று பொருள். பிளாக் சொன்னேன், தெரு சொன்னேன், வீட்டு எண் சொன்னேன். மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். காதை அவள் மூக்கருகே வைத்துப் பார்த்து, இருக்கிறது என்றேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார். எனக்குப் புரிந்தது. வண்டி வரும்வரை அவளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் பல் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

குழந்தை பிழைத்துவிட்டது. அன்று மாலையே டீச்சரை அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு, "எந்த வார்த்தை வராம தவிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"வலிப்புக்கு என்னன்னு தெரியல டீச்சர். ஆடுது, ஆடுதுன்னுதான் சொன்னேன்."

"என் தப்பு அக்கா. நாளைக்கே பாடத்துல சேர்த்துடறேன்" என்றார்கள். அடுத்த நாளே சேர்த்தார்கள் என்று ஹாஜிரா சொன்னாள்.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த ஆடியில் டீச்சருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூரில் நான் பார்த்தபோது உருவமே குறைந்திருந்தது. அவர்களுடைய தங்கை மருந்து வாங்கக் கீழே போனதும் என்னைப் பக்கத்தில் அழைத்தார்கள்.

"நாலு நாளா டாக்டர் வர்றாரு, போறாரு. ஒண்ணு கேக்கணும். வாய் வரைக்கும் வருது, கேக்க முடியல அக்கா."

"என்ன கேக்கணும் டீச்சர்?"

"நான் பொழைப்பேனான்னு."

எத்தனையோ பெண்களைக் கேட்க வைத்தவர்கள், சொந்தத் தமிழில் இரண்டு வார்த்தை கேட்க முடியாமல் கிடந்தார்கள்.

"நான் கேக்கட்டுமா?"

தலையை அசைத்தார்கள்.

தாழ்வாரத்தில் டாக்டரை நிறுத்திக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "இனிமே வைத்தியம் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாம பாத்துக்கலாம். பத்து நாள் இருக்கலாம், குறையவும் செய்யலாம்."

அங்கிருந்து அந்தக் கட்டிலுக்கு இருபது அடி இருக்கும். குவைத்தில் அந்த மதியம்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. வாசல்வரை வந்து திரும்பினேன். ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். உள்ளே அவர்கள் கண் என்மேலேயே இருந்தது. போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டார்கள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"பயமா இருக்கு அக்கா."

"எனக்கும்தான் டீச்சர்."

 பார்வை நேரம் முடியும்வரை அந்தக் கையை நான் விடவில்லை. மறுநாள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேதான் உயிர் பிரிந்தது.

செவ்வாய் மாலை டீச்சர் வீட்டுத் தெருவில் பெண்கள் நாங்கள் வாசல்களில் நின்றோம். டீச்சரின் உடல் இருந்த ஜனாசாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள். கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தெருவின் மறுமுனையில் திருச்சி விமான நிலையம் போகும் வேன் நின்றிருந்தது. டீச்சரிடம் கடைசியாகப் படித்த இரண்டு பெண்களுக்கு அன்று பயணம். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, பெட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் நேரமாகிறது என்றார். ஒருத்தியின் முகம் வெளுத்துப்போயிருந்தது, படியில் வைத்த கால் நழுவியது. மற்றவள் கை கொடுத்தாள். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கூட்டம் வலப்பக்கம் திரும்பி மறைந்தபோது வேன் இடப்பக்கம் திரும்பியது.

டீச்சர், நீங்கள் போன இடத்தில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அங்கே உங்களுக்கு எந்த வலியும் இல்லாமல் இருக்கட்டும். போய் வாருங்கள்.