ஐந்தாம் எண் அட்டை

எங்கள் நீச்சல் குழுவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் மறுபடி ஆன்ட்டி, கோச்சுக்கு மறுபடி அம்மா, எனக்கு வெறும் மறுபடி. எதற்கெடுத்தாலும் "மறுபடி ஒரு தடவ பாத்துடறேன்" என்பாள். மகளின் நீச்சல் கண்ணாடி பையில் இருக்கிறதா என்று வீட்டில் பார்ப்பாள், பஸ்ஸில் பார்ப்பாள், குளத்து வாசலில் நின்று பையைக் கவிழ்த்தும் பார்ப்பாள். அதற்குள் மகள் உடை மாற்றிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்காகவே உள்ளே காத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பட்டத்தைச் சூட்டியது நான்தான். அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு குழாய். ஒவ்வொன்றையும் ஒட்டுவதற்கு முன் ஒரு முறை, ஒட்டிய பின் ஒரு முறை, பெட்டியில் வைக்கும்போது ஒரு முறை படிப்பாள். "ஒரு சீட்டு மாறினா ஒருத்தரோட வியாதி இன்னொருத்தருக்குப் போயிடும்க்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வேலை கொடுத்த பயமா, பயந்த சுபாவம் பார்த்துக் கொடுத்த வேலையா, தெரியாது. வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மீதி இருபது நாளும் அவர் எந்தச் சாலையில் போகிறாரோ அந்தச் சாலையில் இவளும் மனதுக்குள் போய்க்கொண்டிருப்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். மூக்கு மேல் கோபம். பயந்தாங்கொள்ளிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபது வருடமாக அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் என் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது வேறு விஷயம்.

காலை ஐந்தரைக்குப் பயிற்சி. குளம் உள்ளரங்கத்தில் இருக்கிறது. பெற்றோருக்கு ஒரு கண்ணாடித் தடுப்பும், அதன் பின்னால் நீளமான ஒரு பெஞ்சும். அங்கே உட்கார்ந்தால் குளோரின் வாடை துணியில் ஏறிக்கொள்ளும். மூன்று வருடம் அந்தப் பெஞ்சில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் தண்ணீரில், நாங்கள் தேநீரில். அவள் தேநீர் எப்போதும் ஆறிப்போய்விடும். வாயருகே கொண்டுபோவாள், மகள் திரும்புகிற நேரம் வரும், டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

அவள் மகளை நெட்டை என்று கூப்பிடுவார்கள். வயது பதினைந்து, கையை நீட்டினால் பாதிக் குளம் அவளுடையது. என் மகள் வாலு, அவளைவிட ஒரு வயது சின்னவள். இரண்டு பேரும் நெடுந்தூரக்காரிகள், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஒரே தடத்தில்தான் பயிற்சி. முதல் நூறு மீட்டர் ஒருத்தி முன்னால் போவாள், அடுத்த நூறு மற்றவள். பின்னால் வருகிறவளுக்குத் தெம்பு மிச்சமிருந்தால் முன்னால் போகிறவளின் பாதத்தைத் தொடுவாள், அவள் ஒதுங்கி வழிவிடுவாள். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. நெட்டை இல்லாவிட்டால் என் மகள் பத்தாவது சுற்றில் வயிறு வலி என்று மேலே ஏறியிருப்பாள். எனக்கு அது தெரியும்.

அந்த வருடம் தேர்வு முகாமுக்கு எங்கள் மண்டலத்திலிருந்து நெடுந்தூரத்துக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பதாக இருந்தார்கள். முகாமுக்குப் போனால் விடுதி, பள்ளிப் படிப்பு, நல்ல கோச் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மண்டலப் போட்டியில் யார் முந்துகிறாளோ அவள் போவாள். வாலுவுக்கு அடுத்த வருடமும் வயது இருந்தது. நெட்டைக்கு அதுதான் கடைசி. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது, நாங்கள் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசினோம்.

நெடுந்தூரப் போட்டியில் பெற்றோருக்கு ஒரு வேலை உண்டு. ஐம்பது மீட்டர் குளத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்றால் முப்பது நீளம். நீந்துகிறவளுக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் எதிர்க்கரையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, அவள் திரும்ப வரும்போதெல்லாம் இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்று எண் அட்டையைத் தண்ணீரோரம் நீட்டிக் காட்ட வேண்டும். இருபத்தொன்பது, இருபத்தேழு என்று ஒற்றைப்படையாக இறங்கி ஒன்றில் முடியும். அட்டைகள் பிளாஸ்டிக், வளையத்தில் கோத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றைத் திருப்ப வேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கோச்சின் திட்டம் இரண்டு பெண்களுக்கும் ஒன்றுதான். "அஞ்சு பாக்குற வரைக்கும் கால அடக்கி வை. அஞ்சப் பாத்ததும் கால வேகமாப் போடு. அதுக்கு முன்னாடி போட்டா செத்துப்போயிடுவ, அதுக்குப் பின்னாடி போட்டா பத்தாது" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

போட்டிக்கு முதல் வாரம் மறுபடிக்குத் தூக்கமில்லை. கோச்சிடம் போய், "சார், வேற யாரையாவது அட்டை காட்டச் சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"நீங்க காட்டலேன்னா வேற யாரும்மா காட்டுவா? உங்கள மாதிரி எண்ணுறதுக்கு இங்க ஆள் கிடையாது" என்றார் அவர்.

"அட, முப்பதிலேர்ந்து ஒண்ணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று நான் சிரித்தேன்.

அவள் வீட்டில் பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டிக் கோத்துத் திருப்பிப் பழகியதாக நெட்டை வாலுவிடம் சொல்லியிருக்கிறாள். வாலு என்னிடம் சொன்னாள். நான் அதைப் போட்டிக்குப் போகிற குழு வேனில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

போட்டியன்று நெட்டைக்கு நான்காவது தடம், வாலுவுக்கு ஐந்தாவது. எதிர்க்கரையில் நானும் மறுபடியும் ஒரு கை தூரத்தில் குந்தியிருந்தோம். தரையெல்லாம் ஈரம். அவள் அட்டையைத் துண்டால் துடைத்தாள், உள்ளங்கையைத் துடைத்தாள், திரும்பவும் அட்டையைத் துடைத்தாள். விசில் ஊதியதும் அவள் உதடு அசைய ஆரம்பித்தது.

முதல் பத்து நீளம் நெட்டைதான் முன்னால். பிறகு வாலு சேர்ந்துகொண்டாள். பாதி தூரத்துக்கு மேல் இரண்டு தலையும் ஒன்றாகவே வந்தன, ஒன்றாகவே திரும்பின. மற்ற பெண்கள் எல்லோரும் அரைக் குளம் பின்னால். முகாமுக்குப் போவது இந்த இருவரில் ஒருத்தி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கும் பயம் வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் நான் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கு எதுவும் கேட்காது. "போடி, விடாத, போ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அட்டையைத் திருப்பினேன்.

ஏழு காட்டியாகிவிட்டது. இரண்டு பேரும் போய்த் தொடக்கக் கரையில் திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் அட்டையைத் திருப்பி நீட்டினேன்.

"அக்கா, அஞ்சு" என்றாள் மறுபடி.

"தெரியும்."

"அக்கா, உங்க கையில மூணு இருக்கு. ரெண்டு அட்ட ஒட்டிக்கிச்சு."

நான் குனிந்து பார்க்கவில்லை. என் மகளின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா இரு. உன் பயத்த எனக்கு ஒட்ட வைக்காத. உன் வேலையப் பாரு" என்றேன்.

சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குளத்துக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிற்றுக்குக் கீழே அவர்கள் வந்துவிட்டார்கள். இன்னும் நாலைந்து கைவீச்சுதான். மறுபடி தன் அட்டையைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் அட்டையைப் பிடித்தாள். ஈரத்தில் ஒட்டியிருந்த இரண்டு பிளாஸ்டிக்கையும் நகத்தால் பிரித்து, மூன்றை விலக்கி, ஐந்தை முன்னால் இழுத்துவிட்டாள். வாலு தலையைத் திருப்பி ஐந்தைப் பார்த்தாள். சுருண்டு சுவரை உதைத்தாள். கால் பின்னால் நுரை கிளம்பியது.

பக்கத்துத் தடத்தில் நெட்டையும் தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் எதையும் காட்டவில்லை. தன் அம்மா இன்னொருத்தியின் அட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாளோ என்னவோ, சுவரை உதைத்துவிட்டுப் போனாள். அவள் கால் அடங்கியே இருந்தது. எத்தனை பாக்கி என்று தெரியாமல், கோச் சொன்னதை மீறத் தெரியாமல், அவள் அந்த நூறு மீட்டரையும் காலை அடக்கியே நீந்தினாள். அடுத்த முறை மறுபடி தன் அட்டையை எடுத்து மூன்றைக் காட்டினாள். நெட்டை அதைப் பார்த்தாள். அப்போதுதான் காலைப் போட்டாள்.

கடைசி ஐம்பது மீட்டரில் அவள் வந்த வேகத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். இன்னும் பத்து மீட்டர் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். வாலு முக்கால் வினாடி முந்தித் தொட்டாள்.

நாங்கள் குளத்தைச் சுற்றிக்கொண்டு அவர்களிடம் போனோம். வாலு எகிறிக் குதித்துக்கொண்டிருந்தாள். நெட்டை தோளில் துண்டோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கோச் மறுபடியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்ககிட்ட ஒரே ஒரு வேலதான கேட்டேன். இருபத்தொம்பதுலேர்ந்து ஒழுங்காக் காட்டிட்டு, அஞ்சுல கோட்ட விட்டீங்களே. அந்த ஒண்ணுதான முக்கியம்" என்றார். எல்லோரும் பார்க்கச் சொன்னார்.

"கை வழுக்கிடுச்சு சார்" என்றாள் மறுபடி. மகள் பக்கம் திரும்பி, "கை வழுக்கிடுச்சும்மா. ஈரமா இருந்துச்சு" என்றாள்.

நெட்டை அம்மாவின் கையைப் பிடித்தாள். "பரவால்லம்மா. அழாத" என்றாள். அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருடம் நான் கேலி செய்த ஒருத்தி என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன மனுஷி என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதுவரை நியாயமாகத்தான் யோசித்தேன். "சார், அவ மேல தப்பில்ல" என்றேன். "என் அட்ட ஒட்டிக்கிச்சு. அவ சொன்னா, நான் கேக்கல. அதான் அவ தன்னோடத விட்டுட்டு என்னோடதப் பிரிச்சு விட்டா. வாலு ஜெயிச்சது அவளாலதான்."

வாலு குதிப்பதை நிறுத்தினாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கோச் கையிலிருந்த நேரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், அதில் பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும்.

நெட்டை அம்மாவின் கையை விட்டாள்.

"வழுக்கலயா?" என்றாள்.

மறுபடி கையிலிருந்த அட்டைகளைத் துண்டால் துடைத்தாள்.

"அப்ப நான் வர்றேன்னு தெரிஞ்சேதான் கீழ போட்டியா?"

"ஒரு செகண்டுன்னு நெனச்சேன்மா. பிரிச்சுட்டு உன்னோடத எடுத்துடலாம்னு நெனச்சேன். அந்தப் புள்ள தப்பா வேகம் எடுத்து நடுத்தண்ணில மூச்சு முட்டிப்போச்சுன்னா..."

"எனக்கு இது கடைசி வருஷம்மா" என்றாள் நெட்டை. சத்தம் போடவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள். வாலு அவள் பின்னால் ஓடினாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

குழுவின் வேனை நான்தான் ஓட்டினேன். மறுபடி முன் இருக்கையில் என் பக்கத்தில். நெட்டை கடைசி இருக்கையில் சன்னலோரம். வழக்கமாகப் பிள்ளைகள் வண்டியைத் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "உண்மையச் சொன்னதுல எனக்கு மனசு லேசாச்சு. நீ ஏன் பழிய ஏத்துக்கணும்?" என்றேன்.

அவள் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு பின்னால் கேட்டுவிடாதபடி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, கை வழுக்குச்சுன்னே இருந்திருந்தா அவ நாளைக்கே மறந்திருப்பா. இல்லையா?"

எதிரே சிக்னல் விழுந்தது. வண்டியை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் கடைசி இருக்கை தெரியும். நான் பார்க்கவில்லை.

"ஆமா" என்றேன்.