பெருநாளன்று எடுத்த மாதிரி

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வாங்கிய மாங்காயைத் தின்னாமல் பேசிக்கொண்டே நின்றதால்தான் அந்த யோசனை வந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கிக் கொடுத்த பிளாஸ்டிக் பை. கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. துண்டுகள் சுருங்கி இறுகியிருந்தன. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாய், நாம வெளித்தண்ணியில உப்பே போடல லா!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஆன்டி ஒருவர் திரும்பிப் பார்த்தார். பாய் ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றுவிட்டு, "மொதல்ல இதத் தின்னு முடிப்போம் தங்கச்சி. கண்டுபிடிப்பு எங்கயும் ஓடிராது" என்றார்.

மேரு என்ற ஊரில் நான் வேலை செய்யும் மருந்து ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் அவர். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலை பெர்மிட்டில் வந்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கிள்ளானில் ஓர் அறையில் தனியாக இருந்தார். பெர்மிட் புதுப்பிக்கப்பட்டால் மனைவியை அழைத்து வரலாம் என்று அறைக்கு முன்கூட்டியே திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தார். கம்பெனி அதைப் புதுப்பிக்குமா இல்லையா என்பது, நாங்கள் இருவரும் செய்துகொண்டிருந்த இந்த ஒரே வேலையின் முடிவைப் பொறுத்திருந்தது.

வேலை இதுதான். பெப்டைடு மருந்தை வாய்வழி கொடுத்தால் வயிறு அதையும் சோறுபோலச் செரித்துவிடும். ஊசியில் போட்டாலும் சில மணி நேரத்தில் உடம்பு கரைத்துத் தள்ளிவிடும். அதனால் நோயாளிக்குத் தினம் ஒரு ஊசி. அதை மாதம் ஒன்றாகக் குறைக்க, உடம்பிலேயே கரையும் பாலிமருக்குள் மருந்தைப் பொதிந்து, மாவைவிட நுண்ணிய உருண்டைகளாக்குகிறோம். உள்ளிருந்து மெல்ல மெல்லக் கசிய வேண்டும். எங்கள் உருண்டைகளுக்கோ பொறுமையே இல்லை. மாதம் முழுவதற்குமான மருந்தில் பாதியை முதல் நாளே கொட்டிவிடும். உருண்டை உருவாகும்போது சுற்றியிருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து துளை போடுவதுதான் காரணம். அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்தால், உப்பு தண்ணீரைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும், உள்ளே போக விடாது என்பதைத்தான் அன்று மாங்காயில் கண்டேன். இதை வேறு மருந்துகளுக்கு எவரெவரோ முன்பே செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு முகம் தொங்கிவிட்டது. "நம்ம மருந்துக்கு நீதானே மொத ஆளு, போதாதா?" என்று பாய்தான் தேற்றினார்.

உப்பு வேலை செய்தது. முதல் நாள் கொட்டல் அடங்கிவிட்டது. இனி இருபத்தெட்டு நாள் சோதனை. உடம்புச் சூட்டில் வைத்த குழாயில் உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும். தினமும் குழாயை எடுத்து நிறுத்தி, அவை அடியில் படிந்த பிறகு எவ்வளவு மருந்து கசிந்தது என்று அளக்க மேலே தெளிந்த நீரை மட்டும் மாதிரியாக உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதிய நீரை ஊற்ற வேண்டும். கையில் இருந்த மருந்து கொஞ்சம் என்பதால் ஒரே குழாய். பாய் குழாயை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "அது படியறப்போ படியும். நீ மொறைச்சா பயந்து வேகமா விழுமா?" என்பார்.

பன்னிரண்டாம் நாள் நோன்புப் பெருநாள். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருவர் பெருநாளில் அவர் வேலையை மற்றவர் பார்த்துக்கொள்வது. நான் போனேன். குழாயை எடுத்து நிறுத்தியதும் பாயின் போன் வந்தது. "பிரியாணி தம் ஒடைக்கப் போறேன். எங்க இருக்கே?" ஊரை விட்டு வந்தபின் அவர் முதன்முறையாகச் சமைத்த பெருநாள் சாப்பாடு. வேறு யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நீர் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. உறிஞ்சினேன், புதிய நீரை ஊற்றினேன், மாதிரியை உறைபெட்டியில் வைத்தேன், கிள்ளானுக்கு ஓடினேன். அந்தப் பிரியாணியின் வாசனை இன்றும் வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு மருந்து வருவது பாதியாகக் குறைந்தது. மாத முடிவில் கணக்குக்கு வரவேண்டியதில் கணிசமான பங்கைக் காணோம். உருண்டைக்குள்ளேயே மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றார் மேனேஜர். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பாய் கேட்டார்: "பெருநாளன்னிக்கு எல்லாம் சரியாத்தானே எடுத்தே?"

"சரியாத்தான் பாய்" என்றேன். அந்தக் கலங்கல் நீர் நினைவு இல்லாமல் இல்லை.

திட்டத்தை நிறுத்தினார்கள். பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. திரைச்சீலையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் உறைபெட்டியைச் சுத்தம் செய்தபோது பன்னிரண்டாம் நாள் புட்டி கையில் கிடைத்தது. உருகவிட்டேன். அடியில் வெள்ளையாக ஒரு படிவு. எங்கள் உருண்டைகள்தான். சோதிக்க மேலிருந்து கொஞ்சம் மட்டும் எடுத்து வடிகட்டுவோம் என்பதால் அன்று யார் கண்ணிலும் படவில்லை. குழாயில் இருந்தவற்றில் பாதியை நானே உறிஞ்சி எடுத்திருக்கிறேன். மருந்து கெடவும் இல்லை, நிற்கவும் இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "பெர்மிட் கேஸ் க்ளோஸ் ஆயிருச்சு லா" என்றார். திரும்ப ஒருமுறை செய்ய மட்டும் மருந்து தந்தார்.

பிறகு பாய்க்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது.

"பிரியாணி மேல பழியப் போட்றாத" என்றார். நான் அழுதேன். "கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன் தங்கச்சி. அன்னிக்கே சொல்லியிருந்தா, அந்தப் புட்டிய அன்னிக்கே தொறந்து பார்த்திருப்போம்." போனை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "கொஞ்சமா இருந்தாலும் மூணாப் பிரிச்சு வை. ஒத்தக் குழாயில பண்ணாத" என்றார்.

திங்கட்கிழமை தொடங்குகிறேன். மூன்று குழாய்கள், இருபத்தெட்டு நாள்கள், எல்லாம் என் கையாலேயே. எண்கள் சரியாக வந்தால், அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயர் முதலில் இருக்கும். சென்றமுறை பன்னிரண்டாம் நாள் என்ன நடந்தது, யார் செய்தது என்பது அதற்குக் கீழே. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மேனேஜர் அறைக்குப் போவேன். மூடிய கேஸைத் திறக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போகிறேன்.