ஈரச்சாக்கு போர்த்திய ஸ்கூட்டர்

எங்கள் தெருவில் முதல் ஸ்கூட்டர் மத்தியாஸுடையது. ஐம்பத்தைந்தாம் வருஷம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து மானேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றதை வாங்கி வந்தார். அதற்கு முன் இருபது வருஷம் குளச்சலிலிருந்து நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோன மனிதர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மீன்கூடையைக் கண்டாலே பஸ் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். ஸ்கூட்டர் வந்த அன்றே, ஊரெல்லாம் பார்க்க, சைக்கிளை மச்சினனுக்குத் தூக்கிக் கொடுத்தார். இனி அதைத் திருப்பிக் கேட்க முடியுமா?

மறுநாளே வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. காலை ஐந்தரைக்கு அவர் உதைக்க ஆரம்பித்தால் தெருவே விழித்துவிடும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோல் குழாயைத் திற என்றான் ஒருவன், மூடு என்றான் இன்னொருவன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளுவோம். கடற்கரை மணலில் ஸ்கூட்டர் தள்ளியவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். மத்தியாஸ்மேல் எனக்கு வந்த கோபத்துக்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமே செய்ய வேண்டியதாயிற்று.

ஆனால் எட்டரைக்குமேல் வெயில் ஏறியதும் அதே வண்டி ஒரே உதையில் கிளம்பும். தக்கலையிலிருந்து மெக்கானிக் சிலுவைதாசன் மூன்று தடவை வந்து பார்த்தார். மூன்று தடவையும் பதினொரு மணி பஸ்ஸில்தான் வந்தார். மூன்று தடவையும் வண்டி அவருக்குச் சமர்த்தாகக் கிளம்பியது. குற்றம் வண்டியில் இல்லை, உதைக்கிற காலில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியாஸுக்கு ஒரு பழக்கம். எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் ஈரச்சாக்கு போட்டு மூடுவார். மீனுக்கு அது சரி. உப்புக்காற்று பட்டு வண்டி கெட்டுவிடும் என்று, சாயங்காலமானால் வண்டிக்கும் ஒரு சாக்கை நனைத்துப் போர்த்திவிடுவார். என்ன கரிசனம் என்று நாங்களும் மெச்சினோம்.

அவர் மனைவி குளோரி கருவாடு போடுகிறவர். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் அவருக்கு ஆகாது. மத்தியாஸுக்கோ கருவாடு என்றால் இளக்காரம், விற்காத மீனின் பிணம் என்பார். அதனால் புருஷன் காரியத்தில் குளோரி தலையிடுவதே இல்லை.

வடசேரியில் மத்தியாஸின் மீனை எடுப்பவர் முத்துக்கனி. ஏழு மணிக்குள் மீன் வந்தால்தான் அவருக்கு வியாபாரம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டார்.

“நாளைக்கும் பிந்தினீருன்னா மணவாளக்குறிச்சிக்காரன் மீன எறக்கிருவேன். பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது.”

மத்தியாஸ் ஆடிப்போனார். வேறு சந்தையும் தெரியாது, வேறு தொழிலும் தெரியாது. அன்று சாயங்காலம் வண்டிக்கு ஒன்றுக்கு இரண்டாக ஈரச்சாக்கு போட்டு, போதாதென்று ஒரு செம்புத் தண்ணீரும் தெளித்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முப்பது உதை உதைத்திருப்பார். கூடையில் நெய்மீன் காத்திருந்தது. தள்ள ஒருவரும் வரவில்லை, நானும் தூங்குகிற மாதிரி படுத்துக் கிடந்தேன். உதைச் சத்தம் நின்றதும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது. வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குள் குளோரி வந்துவிட்டார். கீழே கிடந்த சாக்குகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எஞ்சினருகே விரலை வைத்தார். பிளக்கும் அதற்குப் போகும் வயரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

“இது பச்ச மீனு இல்ல, கருவாடாக்கும்,” என்றார். “நனச்சா கெட்டுப்போவும்.”

பிளக்கைக் கழற்றச் சொல்லி வாங்கி, துடைத்து, அடுப்புத் தணலருகே காய வைத்தார். கருவாடு சுற்றும் துணியால் வயரை ஒற்றி எடுத்தார். திரும்ப மாட்டிய பிறகு, இரண்டாவது உதையில் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மத்தியாஸ் வடசேரியில் நின்றார். மணவாளக்குறிச்சிக்காரன் அப்போதுதான் தன் கூடையை இறக்கக் கை வைத்திருந்தானாம்.

தக்கலை மெக்கானிக்தான் கோளாறைக் கண்டுபிடித்தார் என்று மத்தியாஸ் ஊரில் சொல்லிக்கொண்டார். வண்டி நிற்க ஈரமில்லாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கருவாட்டுக் கொட்டகை. அன்று முதல் ஸ்கூட்டர் சாளைக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே குடியேறியது. அதன்பின் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து, நாகர்கோவிலில் ஒரு வேலையாக நானும் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். குளச்சல் முதல் வடசேரி வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். சந்தையில் முத்துக்கனி கூடையைத் திறந்து, மீனின் செவுளை விரித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு மத்தியாஸை மேலும் கீழும் பார்த்தார்.

“மீனெல்லாம் பச்சையாத்தான் இருக்கு ஓய். ஆளுதான் கருவாடாயிட்டீரு.”

மத்தியாஸ் சந்தைக் கடிகாரத்தைக் கைகாட்டினார். ஏழடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.