எதை விட்டேன் என்று கேட்காதவர்

என் மகள் சிரிப்பதை எந்த நாளில் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் மருத்துவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஐந்தாம் மாதத்தில் அபிதா குப்புற விழுந்து தலையை நிமிர்த்துவாள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே வாய் கொள்ளாமல் சிரிப்பாள். ஒன்பதாம் மாதத்தில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு தேதிகூட இல்லை.

குழந்தை அழாமல் இருப்பதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. "எவ்ளோ சமத்து பாரு, வீட்ல கொழந்த இருக்கற சத்தமே கேக்கல" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் கணக்கு ஆசிரியை. விடுப்பில் இருந்தபடி வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்தேன். பாயில் கிடத்தினால் ஒரு மணி நேரம் அசையாமல் கிடப்பாள். நான் வடிவியல் நடத்திக்கொண்டிருப்பேன்.

அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் இரண்டு கருக்கள் நிற்கவில்லை. அதனால் அவளிடம் எதையாவது குறையாகக் கண்டாலும் என் வயதுதான் முதலில் நினைவுக்கு வரும். உடனே அந்த நினைப்பை மூடிவிடுவேன். அவளைப் பார்த்த தனியார் குழந்தை மருத்துவர் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். கஞ்சி, பருப்புச் சாதம் எதை ஊட்டினாலும் அபிதா துப்பினாள். தாய்ப்பாலை மட்டும் குடித்தாள். தாய்ப்பாலைவிடச் சிறந்தது எது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரச் செவிலியரின் பெயர் ரேவதி. கீழ்பென்னாத்தூர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தோளில் பை, ஸ்கூட்டியின் முன்னால் எடை பார்க்கும் கருவி. அதற்கு முன் இரண்டு முறை வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "நாங்க பிரைவேட்லயே பாத்துக்கறோம்" என்று அனுப்பியிருக்கிறேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது முறையும் வந்தார். "பிரைவேட்லயே பாருங்க டீச்சர். எனக்குப் பாப்பாவைக் கொஞ்ச நேரம் காட்டுனா போதும்."

எடை பார்த்தார். பெரிய குறை இல்லை. பிறகு அபிதாவின் கையை விரித்து, விரல் முட்டிகளைக் கட்டைவிரலால் தடவினார். அந்த இடங்கள் கறுத்திருந்தன. அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இடங்கள் அவை. கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பாயில் இருந்த கிலுகிலுப்பையை ஆட்டினார். அபிதா திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று பதறினேன்.

"கேக்குதுங்க டீச்சர். கண்ணு சிமிட்டுது பாருங்க. திரும்பத்தான் பாப்பாவுக்குத் தோணல."

உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "டீ கெடைக்குமா?" என்றார். போட்டுக்கொண்டு வந்தேன். அவருக்குப் பால் டீ, எனக்குப் பால் இல்லாத டீ. இரண்டு டம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பால் கம்மியா இருந்துச்சா?"

"எனக்குப் பிடிக்காது."

"பிடிக்காதா, வேண்டுதலா?"

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று நம்புகிறவள் நான். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

ரேவதி டீயை ஊதிக் குடித்தார். "இந்த ஊர்ல அதைக் கேக்காம என் வேலையைப் பாக்க முடியாதுங்க. ஒருத்தர் உப்பை விட்டிருப்பாங்க, ஒருத்தர் செருப்பை விட்டிருப்பாங்க. நீங்க எதை விட்டீங்கனு சொல்ல வேணாம் டீச்சர். நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்ட்டீங்கனு மட்டும் சொல்லுங்க. அது ஒண்ணும் சாமி குத்தம் ஆவாது."

சொன்னேன். இட்லி, சட்னி. சாதம், சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். ரசம், அப்பளம். வாழைப்பழம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். மோர் ஊற்றிக்கொண்டீர்களா, முட்டை உண்டா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டவற்றிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக, "பாதம் மரத்துப் போவுதா? நாக்கு எரியுதா?" என்றார். இரண்டும் இருந்தன. வயதான பிறகு பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன்.

முதல் கரு கலைந்தபோது கறி, மீன், முட்டையை விட்டேன். இரண்டாவது கலைந்த பிறகு, ஒரு பௌர்ணமிக் கிரிவலத்தில் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது, பிறக்கும் குழந்தைக்கு முதல் மொட்டை போடும்வரை பால், தயிர், நெய்யையும் தொடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுக்காக என்னை ஒறுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அவளும் என் உடம்பிலிருந்துதான் உண்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ரேவதி அன்றே சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது பி12 குறைபாடு (இரத்தமும் நரம்பும் மூளையும் வளரத் தேவையான சத்து; பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இயல்பாகக் கிடைக்கும்). மருத்துவர் என் வயதையொத்த பெண்.

"கொழந்த உங்க பாலைத்தான் நம்பி இருந்துச்சு. உங்க உடம்புலயே அந்தச் சத்து இல்லம்மா. இல்லாததை எப்படிக் குடுப்பீங்க?"

அங்கேதான் வேண்டுதலைப் பற்றி என் கணவர் பாஸ்கர் தெரிந்துகொண்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பனேம்மா" என்றார்.

மருத்துவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "நல்லவேளை சொல்லல. இப்ப ரெண்டு ஊசி. சொல்லியிருந்தா மூணு" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் நடுவிலேயே அழுதுவிட்டேன்.

அங்கேயே சேர்த்துக்கொண்டு எனக்கும் அபிதாவுக்கும் ஊசியைத் தொடங்கினார்கள். இழந்தது திரும்புமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "நிறைய திரும்பும். எல்லாமே திரும்புமானு இப்ப சொல்ல முடியாது" என்றார். அன்று மாலை பாஸ்கர் வாங்கி வந்த பால் டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை அபிதாவின் வலது கை நடுங்கியது. பிறகு இரண்டு கைகளும், பிறகு தலையும். மருத்துவர் வந்து பார்த்தார். சில குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கியதும் இந்த நடுக்கம் வரும், சில வாரங்களில் அடங்கும் என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. நான் பாலைத் தொட்டேன், அவள் கை நடுங்குகிறது. எனக்கு இந்தக் கணக்கு மட்டும்தான் தெரிந்தது. பட்டம் படித்திருக்கிறேன். அது அன்று எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அடுத்த ஊசிக்கு வார்டு செவிலியர் வந்தபோது குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று பாஸ்கரிடம் பிடிவாதம் பிடித்தேன். அவர் வாக்குவாதம் செய்யாமல் வெளியே போய் ரேவதிக்குப் போன் செய்தார்.

மதியம், காலைச் சுற்றை முடித்த கையோடு ரேவதி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்னா டீச்சர், பாப்பாவைக் கடத்திட்டுப் போறீங்களாம்?"

"நடுங்குது சிஸ்டர். நான் வாக்கு தவறினதாலதான்."

அதை அவர் மறுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அபிதாவின் முகத்துக்கு முன் மெல்ல ஆட்டினார்.

"கை நடுங்கறதையே பாத்துட்டு இருக்கீங்க. நடுங்கற கை எங்க போவுதுனு பாருங்க."

பார்த்தேன். உதறிக்கொண்டே அந்தக் கை மேலே எழுந்தது. அட்டையைத் தவறவிட்டது. மறுபடியும் எழுந்தது. கண்கள் அட்டையோடு இடமும் வலமும் போயின. இரண்டு மாதங்களாக என் மகள் எதையும் வேண்டும் என்று கை நீட்டியதில்லை. நான்காவது முயற்சியில் அட்டையின் கயிறு அவள் விரலில் மாட்டிக்கொண்டது.

"அவ ஒரு சாமான் கேக்கறா. நீங்க ஊசி வேணாங்கறீங்க" என்றார் ரேவதி, குரலை உயர்த்தாமல்.

ஊசி போடச் சொன்னேன்.

ஆறு நாட்கள் கழித்து அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, பாஸ்கரின் தும்மலைக் கேட்டு. அவர் மூக்கு சிவக்கும்வரை பொய்யாகத் தும்மிக்கொண்டே இருந்தார். நடுக்கம் அடங்க ஐந்து வாரங்கள் ஆயின. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல இழந்ததை ஒவ்வொன்றாக மீட்டாள்: குப்புற விழுவது, உட்காருவது, பெயர் சொன்னால் திரும்புவது. மொட்டை போட்ட அன்று நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். வேண்டுதல் முடிந்ததா முறிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பயம் முழுவதும் போய்விட்டதாகப் பொய் சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கும் தாய்மார்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வரும் செவிலியரை வாசலில் நிறுத்தாதீர்கள். எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எதை விட்டீர்கள் என்பதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அபிதாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நடக்கிறாள். நான்கு சொற்கள் சொல்கிறாள். இந்த வயதுக்கு அது குறைவு. ரேவதி மாதந்தோறும் வந்து விளையாட்டுபோல ஏதேதோ சோதிக்கிறார். என் இடது பாதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மரத்துப்போன இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. முன்பு அது என்னுடையது மட்டும் என்று நினைத்திருப்பேன். இப்போது என் உடம்பில் எந்தக் குறையைக் கண்டாலும் அவளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் ரேவதி அவளை எதிரில் உட்காரவைத்து, "மூக்கு எங்க?" என்று கேட்டார். அபிதா அவரையே பார்த்தாள். என் கை தானாக நீண்டது, அவள் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க.

"டீச்சர், காப்பி அடிக்க விடாதீங்க" என்றார் ரேவதி.

கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் இழந்த மாதங்கள் எங்களுக்குக் கடனாகவும் இல்லை, வரவாகவும் இல்லை. அவை இல்லை, அவ்வளவுதான். அவளுடைய நேரம் அவளுக்குள் வேறு வேகத்தில் ஓடுகிறது. அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்க நான் இப்போதுதான் பழகுகிறேன்.

அவள் விரல் எழுந்தது. தன் முகத்தைத் தாண்டியது, ரேவதியின் முகத்தைத் தாண்டியது, என் பக்கம் திரும்பி என் மூக்கின்மேல் வந்து அழுந்தியது.

அது சரியான விடையா என்று நான் கேட்கவில்லை.