முன் வாங்கில் அம்மன்

எங்கள் நாலாம் வகுப்பில், முன் வரிசை வாங்குப் பலகையில், என் பக்கத்தில் அம்மன் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் என் பெரியப்பா மகள், ஒரு வயது மூத்த அக்கா. அவளுக்கு வலிப்பு வரும். முதல் தடவை வகுப்பில் விழுந்தபோது பெற்றோர் கூட்டமாக வந்து, அந்த வாய் நுரை பட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சண்டை போட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சொல்லி அனுப்பும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று பெரியம்மாவிடம் சொன்னார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அக்கா எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூட மணியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயில் திருவிழாவில் தப்பு அடிக்கும்போது அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. பூசாரி ஓடிவந்து திருநீறு பூசினார். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பெண்கள் அவள் காலில் விழுந்தார்கள். அடுத்த வாரமே, இந்தப் பிள்ளையைத் தடுத்தால் தோட்டத்துக்கு ஆகாது என்று அதே பெற்றோர் அதிபரிடம் போய் நின்றார்கள். படிப்பில் ஒரு வருடம் போயிருந்ததால், அக்காவுக்கு என் வகுப்பில் முன் வாங்கு கிடைத்தது.

அவளுக்குக் கிட்டே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். புலமைப்பரிசில் பரீட்சை பாஸாகுமா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தோடு வந்து கேட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாட மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை. எழுதிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பென்சில் நின்றுவிடும். கண் ஜன்னலுக்கு வெளியே கராம்பு மரத்தில் போய் நிலைக்கும். யாரும் சொல்லாமலே வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். நானும் அந்த மரத்தைப் பார்ப்பேன். அங்கே எதுவும் இருக்காது. அதுதான் எனக்குப் பயம்.

பிறகு புதிதாக வந்த டீச்சர் அவளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. தோட்டத்தில் வேறு பேச்சு கிளம்பியது. சாமி மலையேறிவிட்டது, இனி மிச்சம் வெறும் நோய்தானே என்றார்கள். வெள்ளிக்கிழமை அதிபரைப் பார்க்கப் போகிறோம் என்று என் அம்மாவும் சொன்னாள். நான் போய் அக்காவிடம் சொன்னேன்.

"என்னைய திரும்ப வீட்டுலயே இருக்கச் சொல்லிருவாங்களா?" என்று கேட்டாள். 

வெள்ளிக்கிழமை வகுப்பு வாசலில் பெற்றோர் நிறைந்து நின்றார்கள். டீச்சர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்போது என் பக்கத்தில் பென்சில் நின்றது.

அக்கா எழுந்தாள், ஆடினாள், விழுந்தாள். யாரோ ஒருவர் போனை உயர்த்த, பக்கத்திலிருந்தவர் அவர் கையைத் தட்டிவிட்டார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் வழக்கம்போல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற நேரங்களில் அவள் கை கட்டை மாதிரி விறைத்திருக்கும். அன்று அது என் கையைத் தேடிப் பிடித்தது. அவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் ஒரு கண் திறந்தது. நேராக என்னைப் பார்த்தது.

"போயிட்டாங்களா?" என்றது அம்மன்.

 நான் தலையாட்டினேன். கண் மூடிக்கொண்டது.

சாயந்தரம், அம்மன் என்னிடம் கேட்டதை எல்லோரிடமும் சொன்னேன். அம்மா உடனே சூடம் ஏற்றினாள். பெரியம்மா மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பக்தி என்று நினைத்தேன்.

என் மண்டைக்குள் ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. அம்மனே கண்ணை மூடிக்கொண்டு, போய்விட்டார்களா என்று பயந்து கேட்கிறாள் என்றால், அந்த வாசலில் எப்படிப்பட்ட பேய்கள் வந்து நின்றிருக்க வேண்டும்? விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே எட்டிப் பார்க்கவும் துணிவில்லாமல், அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.