அக்கா வீட்டுச் சாக்கடைக் குழாய்

குழாய் பதிக்கிறவனுக்கு வாட்டம்தான் சாமி. தண்ணீர் வெளியேறுகிற பக்கம் குழாய் கொஞ்சமாவது தாழ்ந்திருக்க வேண்டும், அதைத்தான் வாட்டம் என்போம். அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய மேஸ்திரியையும் தண்ணீர் மதிக்காது. விருத்தாசலத்தில் பாதித் தெருக்களில் நான் பதித்த குழாய்கள் கிடக்கின்றன. என் ஜம்பம் பலிக்காமல் போனது என் அக்கா வீட்டில்தான்.

அக்கா பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். மாமா போனபின் தனியாக இருந்தாள். மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டு, வந்துவிடு என்று நச்சரிப்பான். இவள் அசையமாட்டாள். ஒரு மழையில் பாத்ரூம் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் திரும்பி அடுப்படிக்குள் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தத் தண்ணிய மட்டும் வெளிய போவ வெச்சுக் குடுத்துடுறா தம்பி. நான் யாரு வூட்டுக்கும் போவ வேணாம்."

வாசலைத் தோண்டினேன். மண்ணுக்குப் பதில் பீங்கான் வந்தது. மனை பள்ளமாக இருக்கிறதென்று மாமா உயிரோடிருந்தபோது கம்பெனி உடைசலைக் கொட்டி மேடாக்கியிருந்தார். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். சூளையில் வெடித்ததும் கோணியதும் சும்மாவே கிடைக்கும்போது மண் எதற்கு என்ற நினைப்பு. ஆனால் உடைசல் மண்ணைப் போல இறுகாது. உள்ளே சந்து சந்தாக இருக்கும், மழைக்கு மழை இறங்கும். அதன்மேல் படுத்திருந்த குழாய் நடுவில் தொய்ந்து போயிருந்தது.

ஃபியூஸ் கட்டை, காது போன கப்பு, தும்பிக்கை உடைந்த பிள்ளையார் என்று அள்ளி அள்ளி வெளியே போட்டேன். அக்கா ஒரு பொம்மையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "இது நான் வரைஞ்ச கண்ணுடா" என்றாள். இப்போது கண்ணா முக்கியம் என்று எரிந்து விழுந்தேன்.

மணல் பரப்பி, இடித்து இறுக்கி, புதுக் குழாய் போட்டேன். பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டியதும் அக்கா தெருவுக்கு ஓடினாள். "போவுதுடா, போவுதுடா" என்று சாக்கடை ஓரம் நின்று சிரித்தாள். சாக்கடையைப் பார்த்து அப்படிச் சிரித்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அது எங்களுக்கென்றே சொன்னது. நான் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாண மண்டப வேலையில் இருந்தபோது அக்கா தெருவுக்குப் புது ரோடு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். ரோட்டுக்குத் தக்கபடி சாக்கடையையும் உயர்த்திக் கட்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது வேலையை மேற்பார்வை பார்த்தவரிடம் கேட்டேன்.

"சார், இந்த வூட்டுத் தண்ணி எப்பிடிங்க மேல ஏறும்?"

"எங்களுக்குச் சொன்னத நாங்க போடுறோம்ங்க. வூட்ட ஜாக்கி வெச்சுத் தூக்கிக்கச் சொல்லுங்க."

தூக்கிக்கொள்ளலாம், கையில் காசு இருந்தால். மோட்டார் வைத்து இறைக்கலாம், மழை நாளில் கரண்டு இருந்தால்.

கண்ணால் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அக்கா விடவில்லை, மட்டம் பார்க்கச் சொன்னாள். மட்டக் குழாய் என்பது தண்ணீர் நிரப்பிய நீளமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையைச் சாக்கடை ஓரம் நான் பிடித்தேன், மறுமுனையைப் பாத்ரூமில் அவள் பிடித்தாள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து எது மேடு எது பள்ளம் என்று சொல்லிவிடலாம். என் முனையில் தண்ணீர் சாக்கடையின் அடித்தளத்தைத் தொட்டு நின்றது. அவள் முனையில் அவள் முழங்காலுக்கு நின்றது. அவ்வளவு உயரம் தண்ணீர் தானாக ஏறாது.

"இன்னொரு தரம் பாரு" என்றாள். பார்த்தோம். டியூபில் காத்து இருக்கும் என்றாள். தட்டித் தட்டிக் காற்றை எடுத்துவிட்டுப் பார்த்தோம். தண்ணீர் அதே முழங்காலில் நின்றது. அவள் டியூபைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மழையில் ஊர்ச் சாக்கடையே அவள் வீட்டுக்குள் வந்தது. மகன் வந்து, கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டான். பூட்டின வீட்டுக்குள் சாக்கடை ஏறாமலிருக்கக் குழாய் வாயை அடைக்க வேண்டும். இத்தனை வருஷம் வீட்டுத் தண்ணீருக்கு வழி விடுவதே என் பிழைப்பு. அன்றைக்கு அடைப்பதற்குக் கலவை போட உட்கார்ந்தேன்.

அக்கா பையைத் தோளில் மாட்டியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிமெண்ட கம்மியா போடுடா தம்பி. ரோட்ட எறக்கிப் போட்டாங்கன்னா திரும்பப் பிரிக்கணும்ல."

சரிக்கா என்றேன். அவள் பஸ்ஸுக்குப் போனபின் இன்னும் ரெண்டு சட்டி சிமெண்டைப் போட்டுக் கெட்டியாகவே குழைத்தேன்.