ஆண் குரல்: உண்டு

என் மனைவி மெஹ்ரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஈரானில் எங்கள் காஷான் ஊரில் திரைச்சீலை தைக்கிறாள். தைக்கும்போது பாடுவாள். தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல், நிறையப் பெருமை. ஆனால் ஆண்கள் இருக்கும் சபையில் அவள் பாடியதே இல்லை. பெண் தனியாகப் பாடக் கூடாது, கூடவே ஓர் ஆண் குரல் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். எந்தப் புண்ணியவான் யோசித்ததோ!

பெண்கள் மட்டும் கூடும் இடங்களில் பாடியிருக்கிறாள். அவளுக்கு அது போதவில்லை. "எங்க அம்மா பாடின இடையர் பாட்டை என் அண்ணன் தம்பிங்க சபையில உக்காந்து கேக்கணும். ஒரே ஒரு தடவை" என்பாள்.

இந்த வசந்தத்தில் ரோஜா விழாவில் பாட அனுமதி கிடைத்தது. நிபந்தனை அதேதான். ஆண் குரலுக்கு வேறு யார்? டயர் பஞ்சர் ஒட்டுகிற நான்தான். என் பாட்டைக் கேட்டால் கழுதைக்குக்கூடத் தன்னம்பிக்கை வந்துவிடும்.

"நீங்க மெதுவா முனகினா போதும். என்னைக் கெடுத்துராதீங்க."

"ஏன், நான் உன்னைவிட நல்லாப் பாடிருவேன்னு பயமா?"

"ஆமா, அந்தப் பயத்துலதான் தூக்கமே வரல!"

விழா அன்று மதியம் நான் செய்த காரியம் இருக்கிறதே! சந்தையில் பச்சைப் பிளம்ஸ் புதிதாக இறங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. உப்பைத் தொட்டுத் தொட்டு ஒரு கிலோவையும் தீர்த்தேன். அந்தப் புளிப்பில் தொண்டை கட்டிக்கொண்டு, சாயங்காலம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

மெஹ்ரி சத்தம் போடவில்லை. "ஒரு நாள் வாயைக் கட்ட முடியலையா உங்களால?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இருந்தும் மேடை ஏறினோம். முன்வரிசையில் அனுமதி அலுவலகத்து அதிகாரி நாதேரி, மடியில் படிவத்தோடு. மெஹ்ரி பாடத் தொடங்கினாள். நான் வாயை மட்டும் அசைத்தேன். இரண்டாவது அடியிலேயே நாதேரி எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க! ஆண் குரல் எங்க? எனக்குக் கேக்கலையே!"

மெஹ்ரி நிறுத்தினாள். நான் தரையைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் அவள் பெரிய அண்ணன் கம்பீஸ், கசாப்புக் கடைக்காரர், உட்கார்ந்தபடியே "ம்ம்ம்" என்று இழுத்தார். தம்பிகள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ரொட்டிக்காரர், பள்ளி வாத்தியார், அரங்கில் இருந்த அத்தனை ஆண்களும். எல்லோரும் வாய் திறக்காமல் அடக்கமாக முனகினார்கள்.

"அனுமதி ஒரே ஒரு ஆளுக்குத்தானே?" என்றார் நாதேரி.

"சட்டம் கேட்டது குரல். எத்தனைன்னு எங்கயாவது எழுதியிருக்கா ஐயா?" என்றார் கம்பீஸ்.

நாதேரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து 'ஆண் குரல்: உண்டு' என்று குறித்துக்கொண்டார்.

மெஹ்ரி மறுபடி முதலிலிருந்து பாடினாள். கடைசி அடி வந்தபோது ஆண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை. அவள் குரல் மட்டும் தனியாக ஒலித்தது. நாதேரி பேனா மூடியைத் தேடுகிற சாக்கில் நாற்காலிக்கு அடியில் குனிந்துகொண்டார். நான் மேடையிலேயே அழுதேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மெஹ்ரி சந்தையில் நின்றாள். ஒரு கிலோ பச்சைப் பிளம்ஸ் வாங்கி என் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, தின்னுங்க. அடுத்த வருஷமும் விழா அன்னிக்கு மறக்காமத் தின்னுங்க."